வாந்திபேதியா, காலராவா? கடலூர், புதுச்சேரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகும், கோடையில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரத் தொடங்கும்போதும், நம் பகுதிச் சுகாதாரப் பணியாளர்களிடம் மக்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம். அவசரத்தில் படிப்பவர்கள் நான்காவது கேள்வியை முதலில் படித்துவிட்டு, மற்றவற்றை நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்த பிறகு படிக்கலாம்.

1. காலரா பழைய காலத்து நோய்தானே? இப்போதும் வருகிறதா?

வருகிறது. பாட்டிமார் கோபத்தில் ‘பேதியில போக’ என்று திட்டுவது, ஒரு தெருவே சில நாள்களில் காலியான காலத்தின் மிச்சம். அந்த அளவு மரணம் இன்று இல்லை. ஆனால் நோய் ஒழியவில்லை. 2022 ஜூலை தொடக்கத்தில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில் நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைக்கு வந்தனர். சிலரிடம் காலராக் கிருமி உறுதிசெய்யப்பட்டதால் அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளுக்குச் சில நாள் விடுமுறையும் விடப்பட்டது. அப்போது மழைக்காலமும் இல்லை, வெள்ளமும் இல்லை. அதனால்தான் ‘மழை இல்லையே, காலரா எப்படி வரும்?’ என்ற கேள்வி நம் பகுதியில் இனி செல்லாது.

இன்னொரு செய்தியும் நமக்கு அருகில் நடந்ததே. அதுவரை பெருந்தொற்றை உண்டாக்கிய காலராக் கிருமிகள் எல்லாம் ‘ஓ1’ என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் வாந்திபேதி பரவியபோது எடுத்த மாதிரிகளில் அந்த வகைக்குள் அடங்காத புதிய கிருமி ஒன்று கண்டறியப்பட்டது. அதற்கு ‘ஓ139’ என்று எண்ணிட்டனர். அது வங்கக் கடலோரமாகவே பரவியதால் ‘பெங்கால்’ என்ற பெயரும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

2. இந்த நோய் எதனால் வருகிறது?

விப்ரியோ காலரே என்னும் கிருமி தண்ணீர் வழியாகவோ உணவு வழியாகவோ வாய்க்குள் போவதால் வருகிறது. வயிற்றில் சுரக்கும் அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். தப்பியவை சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சை வெளியிடும். அந்த நஞ்சுதான் உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் குடலுக்குள் இறைத்துக் கொட்டச் செய்கிறது. கிருமி குடலை அரிப்பதில்லை. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற மருத்துவ ஆய்வாளர் இந்த நஞ்சின் வேலையை முயலின் குடலில் செய்த சோதனையால் நிறுவினார். நோயாளிக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. குடல் சிதையாமல் இருப்பதால், குடிக்கும் நீரை உறிஞ்சும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. வாய்வழிக் கொடுக்கும் கரைசல் வேலை செய்வதற்குக் காரணமும் அதுவே.

இக்கிருமிக்கு மனிதக் குடல் மட்டுமே வீடு அன்று. உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரங்களில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நீர்வாழ் உயிரிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு அது வாழக்கூடியது. உப்பனாறு, கெடிலம், தென்பெண்ணை, பரங்கிப்பேட்டை வெள்ளாறு என்று முகத்துவாரங்கள் நிறைந்த கரையில் வாழும் நாம் இதை அறிந்திருப்பது நல்லது. அதற்காகக் கழிமுகத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஊரில் நோய் பரவுவது, ஒருவர் மலத்திலிருந்து வெளியான கிருமி மற்றவர் குடத்தில் சேரும்போதுதான்.

3. சாதாரண வயிற்றுப்போக்கையும் காலராவையும் எப்படி வேறுபடுத்துவது?

வீட்டில் இருந்தபடி உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் ஐயப்படுவதற்குப் போதுமான அடையாளங்கள் உண்டு. கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள் நோய் தோன்றும். தொடக்கத்தில் வழக்கமான கழிச்சலாக இருக்கும். பிறகு நிறமிழந்து, அரிசி கழுவிய நீரைப்போல வெளிறி, மெல்லிய சளித் துணுக்குகளுடன் பீய்ச்சும். பெரும்பாலும் வயிற்று வலி இருக்காது. காய்ச்சலும் பெரிதாக இராது. மலத்தில் இரத்தமும் சீழும் கலந்து, வயிறு முறுக்கி வலித்தால் அது சீதபேதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விருந்து சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி முந்திக்கொண்டு, மறுநாள் தானாக அடங்கினால் அது பெரும்பாலும் கெட்டுப்போன உணவின் வேலை.

காலராவில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது வேகம். கடுமையான நோயாளி ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். காலையில் கடைக்குப் போய்வந்தவர் மாலையில் எழுந்து உட்கார இயலாமல் கிடப்பார். கண்கள் குழிந்துவிடும், நாக்கு உலரும், குரல் கம்மி, அருகில் போய்க் காதை வைத்தால்தான் கேட்கும், கெண்டைக்காலிலும் வயிற்றுத் தசையிலும் பிடிப்பு வரும், நெடுநேரம் துணி துவைத்தவர் விரல்களைப்போல விரல்நுனிகள் சுருங்கும். வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளிவிட்டால் உடனே சமமாகாமல், மடிப்பு இரண்டு விநாடிக்கு மேல் அப்படியே நிற்கும். சிறுநீர் நின்றுவிடும்.

கிருமி நுழைந்த எல்லோரும் இப்படி ஆவதில்லை என்பதே இந்நோயின் தந்திரம். பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது, அல்லது இரண்டு நாள் லேசான பேதியோடு முடிந்துவிடும். ஆனால் அவர்கள் மலத்திலும் 1 முதல் 10 நாள் வரை கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். ஓ இரத்த வகையினருக்கும், வயிற்றில் அமிலச் சுரப்பு குறைந்தவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நாள்தோறும் எடுப்பவர்களுக்கும் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல்.

சுகாதாரத் துறையினர் ஐயப்படும் முறையை மக்களும் பின்பற்றலாம். ஊரில் காலரா இருப்பதாகத் தெரியாத காலத்தில், 2 வயதுக்கு மேற்பட்ட எவருக்கேனும் நீராகப் பேதியாகி உடல் மிகவும் வறண்டுவிட்டால் அல்லது அதனால் இறப்பு நேர்ந்தால், அதைக் காலராவாக எண்ணிச் சோதிக்க வேண்டும். ஊரில் நோய் உறுதியான பிறகு, நீர்ப்பேதி யாருக்கு வந்தாலும் அப்படியே எண்ண வேண்டும். சிறு குழந்தைகளின் பேதிக்கு வேறு காரணங்கள் பல உண்டு. நல்ல உடல்வாகுள்ள பெரியவர் ஒருவர் பேதியால் அரை நாளில் சுருண்டு விழுவது வழக்கமான செய்தி அன்று. அடுத்த வீட்டிலும் அப்படியொருவர் கிடந்தால் ஆய்வுக்கூட முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

4. வீட்டில் ஒருவருக்குத் தொடங்கிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

குடிக்கக் கொடுங்கள். மருத்துவமனைக்கு வண்டி வரும் வரையிலும், வண்டியில் போகும்போதும் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைத் தூள் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும். மருந்துக் கடையிலும் வாங்கலாம். பொட்டலத்தின் மேல் எத்தனை மில்லி என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, அதாவது 200 மில்லி தம்ளரால் ஐந்து தம்ளருக்கு. சிறிய பொட்டலம் ஒரே தம்ளருக்கு. பெரிய பொட்டலத்திலிருந்து ஒரு கரண்டியை அள்ளி ஒரு தம்ளரில் போட்டுக் கலக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது தவறு. உப்பும் சர்க்கரையும் பொட்டலத்துக்குள் ஒரே சீராகக் கலந்திருப்பதில்லை. உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து, சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். கலக்கிய கரைசலை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். கரைத்த பின் சூடுபடுத்தக் கூடாது.

பொட்டலம் கைவசம் இல்லையென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். கண்ணீரைவிட அது கரிக்கக் கூடாது.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேற்பட்டவர்களுக்குக் குடிக்க முடிந்த அளவு என்பது கணக்கு. ஓரளவு வறண்டுவிட்டவருக்கு முதல் 4 மணி நேரத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 75 மில்லி வீதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாலரை லிட்டர். இந்த அளவைக் கேட்டதும் பலர் திகைப்பார்கள். வெளியே போன நீருக்கு ஈடாகத்தான் உள்ளே கொடுக்கிறோம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

வாந்தி எடுத்தாலும் நிறுத்தக் கூடாது. பத்து நிமிடம் விட்டு, தேக்கரண்டியால் ஒவ்வொரு வாயாகத் தொடங்கினால் பெரும்பாலோருக்குத் தங்கும். ஒரு தம்ளரை ஒரே மூச்சில் குடிக்க வைத்து, அது வாந்தியாக வந்ததும் ‘தண்ணீரே ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவுகட்டிவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம்.

இந்த எளிய கரைசலின் ஆற்றலை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போர். அப்போது எல்லையோரப் பங்காவ் ஊரின் அகதி முகாமில், ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, நோயாளிகளின் உறவினர்களே குவளையில் மொண்டு கொடுக்கும்படி செய்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. நம் வீட்டுத் திண்ணையில் ஒரு தாய் செய்வதும் அதே மருத்துவமே.

5. இளநீர், கஞ்சி, கடையில் விற்கும் பானங்கள் கொடுக்கலாமா?

உப்புப் போட்ட கஞ்சி நல்லது. அரிசி மாவுச்சத்தால் செய்த கரைசல் காலராவில் பேதியின் அளவையே குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸுடன் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரைவில் பேதி நிற்பதை, 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் காட்டினர். நீர்மோரும் கொடுக்கலாம், ஆனால் மோரில் விளாவிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆகவே அது கூடுதலாக இருக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது.

குளிர்பானமும், அட்டைப்பெட்டியில் வரும் பழச்சாறும் வேண்டாம். அவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரை குடலுக்குள் மேலும் நீரை இழுக்கும். பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைச் சேர்த்து விற்கப்பட்ட இனிப்புப் பானங்களால் பல பெற்றோர் ஏமாந்தனர். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அப்படிப் பெயரிடக் கூடாது என்று ஆணையிட்டது. இருந்தாலும் வாங்கும்போது பொட்டலத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுமுறைப்படி தயாரித்தது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

6. எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்?

நோயாளி சோர்ந்து துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். இரவில் தொடங்கினால் ‘விடியட்டும்’ என்று இருக்க வேண்டாம். சிகிச்சையே இல்லாவிட்டால் கடுமையான நோயாளிகளில் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும்; உரிய நேரத்தில் நீர் ஏறினால் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இத்தனை பெரிய வேறுபாட்டைத் தரும் சிகிச்சைகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

அங்கே போனதும் ‘ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கேட்பது நம் வழக்கம். வெறும் குளுக்கோஸ் நீரில் இழந்த உப்புகள் இல்லை. ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீரே இதற்கு ஏற்றது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிகவும் வறண்டுவிட்டால் 3 மணி நேரத்தில் 6 லிட்டர் ஏற்ற வேண்டியிருக்கும், அதில் முதல் 1.8 லிட்டர் அரை மணிக்குள். ஒரு பாட்டில் ஏற்றியதும் தெம்பாகிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவது ஆபத்தானது.

7. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாமா? ஆன்டிபயாடிக் வேண்டாமா?

நிறுத்தும் மாத்திரை கூடாது. ஆன்டிபயாடிக் கடுமையான நோயாளிக்கு மட்டும், மருத்துவர் சொன்னபடி. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் ஒரே வேளை மருந்தாகக் கொடுப்பது வழக்கம். அது பேதி நாள்களைக் குறைக்கும். இழந்த நீரைத் திரும்பத் தராது. தெருவிலுள்ள எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக மாத்திரை விநியோகித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும்.

8. கைக்குழந்தைக்குப் பேதி என்றால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். தாய்ப்பாலை முன்னிலும் அடிக்கடி கொடுக்க வேண்டும். தாய்க்கே பேதி என்றாலும், கையைச் சோப்பால் கழுவிவிட்டுக் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ்.ஸுடன் துத்தநாக மாத்திரையும் 14 நாள் தருவார்கள்: 6 மாதத்துக்கு மேல் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் மாத்திரையை முடிக்க வேண்டும். கர்ப்பிணிகளை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. உடல் வறண்டால் வயிற்றிலுள்ள குழந்தையின் உயிருக்கும் ஆபத்து.

9. எங்கள் குழாயில் தண்ணீர் தெளிவாகத்தானே வருகிறது?

தெளிவுக்கும் தூய்மைக்கும் தொடர்பில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர்களில் காலரா நுழையும் வாசல் பெரும்பாலும் இதுவே.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால், விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். அடைத்த பிறகு குழாய் வெறுமையாகிறது, அழுத்தம் விழுகிறது, அப்போது அதே விரிசல் வழியே வெளியில் தேங்கியது உள்ளே இழுக்கப்படும். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் குழாயைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதுதான் மறுநாள் முதல் குடத்தில் வருகிறது. குழாய் சாக்கடைக்குள் புகுந்து போகிற தெருக்கள் நம்மிடம் எத்தனை! கூடவே ஒரு வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சினால், அந்த இழுப்பு விரிசல்களையும் சேர்த்து உறிஞ்சும்.

கடைசித் தெருக்களில் இன்னொன்றைப் பார்க்கலாம். தண்ணீர் மேலே ஏறாததால் குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, இரண்டடிப் பள்ளம் தோண்டி, அதற்குள் குடத்தை இறக்கிப் பிடிப்பார்கள். குடம் நிரம்பி வழிந்த நீர், பாத்திரம் கழுவிய நீர், மழைநீர், கோழி கிளறிய மண் எல்லாம் அந்தப் பள்ளத்தில் தேங்கும். குழாய்க்கு மூடி இருக்காது. ஒரு துணியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள், அல்லது அதுவும் இராது. தண்ணீர் நின்றதும் பள்ளத்து நீர் குழாயின் வாய்வரை ஏறி நிற்பதைக் குனிந்து பார்த்தால் கண்ணாலேயே காணலாம். அந்தப் பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே ஏறாத தண்ணீரை அவர்கள் வேறெப்படிப் பிடிப்பார்கள்? பள்ளத்தை மூடச் சொல்வதற்கு முன் அந்தத் தெருவுக்கு அழுத்தத்தோடு தண்ணீர் வர வழிசெய்ய வேண்டும். அதுவரை குழாய்க்குத் திருகுமூடி போடுவதும், பள்ளத்தை அன்றன்று இறைத்துவிடுவதும், முதலில் வரும் இரண்டு குடத்தைக் குடிக்க எடுக்காமல் விடுவதும் நம்மால் இயல்வன.

10. காய்ச்சுவதா, கேன் தண்ணீரா, வடிகட்டியா?

காய்ச்சுவதே நிச்சயமானது. தளதளவென்று கொதிவந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் காலராக் கிருமி பிழைக்காது. காய்ச்சிய பின் வாய் குறுகிய குடத்தில் மூடிவைத்து, நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் எடுக்க வேண்டும். எல்லோரும் தம்ளரோடு கையையும் விட்டு மொண்டால் காய்ச்சியது வீண். கேன் தண்ணீரை, அடைப்பு முத்திரையும் உரிமமும் பார்க்காமல் நம்ப வேண்டாம். வெறும் வெள்ளைத்துணி வடிகட்டல் கிருமியை நீக்காது. ஆனாலும் ஒரு வேடிக்கை: வங்கதேசத்தில் 65 ஊர்களில் நடந்து 2003இல் வெளியான ஆய்வொன்றில், பழைய சேலையை நான்கு மடிப்பாக மடித்துக் குளத்துநீரை வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகள் சேலையில் தங்கிவிட்டதே காரணம். குழாய்த் தண்ணீரில் கலந்த சாக்கடைக்கு அந்த வித்தை செல்லாது.

11. குளோரின் எவ்வளவு போட வேண்டும்? போட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் இருக்கும். ஓரளவு தூய நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது அடிப்படைக் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம். கிணறாயின், 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழத் தண்ணீரும் இருந்தால் அதில் ஏறத்தாழ 9,400 லிட்டர் நீர். அதற்கு 24 கிராம் அளவு. கலங்கல் நீருக்கும் நோய் பரவும் காலத்துக்கும் இது போதாது. ஆகவே போட்டு அரை மணி கழித்து அளந்து பார்த்து, தேவைக்கேற்பக் கூட்ட வேண்டும். பவுடரை அப்படியே கொட்டாமல், வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் சேர்க்க வேண்டும்.

கடற்காற்று வீசும் ஊரில் பிரித்துப்போட்ட மூட்டை சில வாரங்களில் வீரியம் இழக்கும். கட்டிதட்டி, மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாமல் கிடக்கும் பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். டேங்க் ஆபரேட்டர் நாள்தோறும் அதைத்தான் உண்மையாகப் போட்டுக்கொண்டிருப்பார். பதிவேட்டிலும் தவறு இராது.

எனவே அளவு பார்க்க வேண்டிய இடம் தொட்டியடி அன்று, கடைசிக் குழாய். குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டியிலுள்ள குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, மருந்துத் துளிகளை விட்டதும் மஞ்சள் நிறம் எழும். பக்கத்திலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். வழக்கமான நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், நோய்க் காலத்தில் 0.5. நிறமே எழாவிட்டால், போட்ட குளோரினை வழியில் ஏதோ ஒன்று தின்றுவிட்டது என்று பொருள். அந்த ஏதோ ஒன்றைத் தேடித்தான் குழாய்த் தடத்தோடு நடக்க வேண்டும். ‘மருந்து நாற்றம் அடிக்கிறது’ என்று பலர் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடிபம்புக்குப் போவது வருத்தத்துக்குரியது. அந்த நாற்றமே பாதுகாப்பு.

12. வெள்ளத்துக்குப் பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

2011 டிசம்பர் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த பெருக்கு என்று நமக்குப் பட்டறிவு நிறையவே உண்டு. தண்ணீருக்குள் மூழ்கிய அடிபம்பையும் கிணற்றையும் குளோரின் போட்டு இறைத்துவிடாமல் பயன்படுத்தக் கூடாது. தரைமட்டத் தொட்டிக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் காலிசெய்து கழுவ வேண்டும். லாரித் தண்ணீருக்கும் குளோரின் சோதனை வேண்டும். முகாம்களில் ஆள்கணக்குக்கு ஏற்பக் கழிவறை இல்லாவிட்டால், எத்தனை சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தாலும் நோயைத் தடுக்க முடியாது. 20 லிட்டருக்கு ஒன்று என்ற அளவில் வரும் குளோரின் மாத்திரைகளைப் பெற்றால், குடத்தில் போட்டு அரை மணி பொறுத்துக் குடிக்க வேண்டும். மாத்திரையை விழுங்கக் கூடாது என்பதையும் வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

13. நண்டு, மட்டி, பழைய சோறு சாப்பிடலாமா?

நண்டையும் மட்டியையும் ஒரு கொதியில் இறக்காமல் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். பச்சை நண்டு கழுவிய தட்டிலேயே வெந்ததை எடுத்து வைக்கக் கூடாது. வெந்த சோறு இந்தக் கிருமி பெருகுவதற்கு ஏற்ற இடம். ஆனால் புளிப்பு அதற்குப் பகை. நன்கு புளித்த பழையது, புளிக்குழம்பு, எலுமிச்சை ஆகியவை நமக்குத் துணை. ஆனால் சோற்றில் ஊற்றிய தண்ணீர் கெட்டதாயிருந்தால் புளிப்பை நம்பியிருக்க முடியாது. நோய்க் காலத்தில் காய்ச்சி ஆறிய நீரையே ஊற்ற வேண்டும். வெட்டிவைத்த தர்ப்பூசணி, ஐஸ் போட்ட சர்பத் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். பனிக்கட்டிக்குள் கிருமி சாவதில்லை.

14. மாசி மகம், அன்னதானம் போன்றவற்றை நிறுத்த வேண்டுமா?

நோய் பரவாத காலத்தில் நிறுத்தத் தேவையில்லை. தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் தீர்த்தவாரிக்கு ஆயிரக்கணக்கில் கூடும்போது, குளோரின் கலந்த குடிநீரும் கை கழுவச் சோப்பும் போதிய கழிவறையும் இருக்கின்றனவா என்பதே கேள்வி. பேதி உள்ளவர்களும், ஒரு வாரத்துக்குள் பேதியாகி நின்றவர்களும் சமையலிலும் பரிமாறுவதிலும் சேரக் கூடாது. சாதம் சூடாகவே பந்திக்கு வர வேண்டும்.

15. யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் ஊருக்குக் கெட்ட பெயர் வருமே?

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், ஊராட்சிச் செயலர் இவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். புதுச்சேரியில் ஆஷா பணியாளர், ஆரம்ப சுகாதார நிலையம், கொம்யூன் பஞ்சாயத்து ஆகியோரிடம் சொல்லலாம். காலரா, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்.

கெட்ட பெயர் பற்றிய அச்சம் உண்மையானதே. கல்யாணம் நிச்சயித்த வீட்டார், ஓட்டல் வைத்திருப்பவர், மீன் விற்பவர் ஆகியோர் மறைப்பதற்கு அவரவர் காரணம் இருக்கிறது. ஆனால் மறைப்பதால் தள்ளிப்போகும் இரண்டு நாளில் அதே குழாய் இன்னும் ஐம்பது வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கும். முதல் செய்தி வரும்போதே அந்தத் தெருவின் தண்ணீரை நிறுத்தி லாரி விட்டால், ஒரு தெருவோடு முடியும்.

சோதனைக்கு மலக்குடல் துடைப்பு மாதிரி எடுப்பார்கள். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் எடுத்து, கிருமியைச் சாகாமல் காக்கும் கேரி-பிளேர் என்ற ஊடகத்தில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் சிலரிடம் உறுதியானால் போதும். ஊரில் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் சோதனை தேவைப்படாது.

16. நோயாளியைத் தொட்டால் ஒட்டுமா?

தொடுவதால் ஒட்டாது, தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட்டால் ஒட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரைசல் கொடுக்க யாரும் அஞ்ச வேண்டியதில்லை. துணிகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ அலசாமல், குளோரின் நீரில் ஊறவைத்து, பிறகு துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். தரையைத் துடைக்க ஒரு லிட்டர் நீருக்கு 6 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். மலத்தின்மீதும் வாந்தியின்மீதும் ஊற்றுவதற்கு 60 கிராம். பினாயில் வாசனை மனத்துக்கு நிறைவு தரலாம், வேறு எதையும் உறுதிசெய்யாது. தெருவோரம் கோலம்போல வெள்ளைக் கோடு இழுப்பதும் அவ்வாறே.

17. வீட்டில் இறப்பு நேர்ந்துவிட்டால்?

உடலிலிருந்து கசியும் நீரில் கிருமி இருக்கும். குளிப்பாட்டுபவர்கள் இருவர் மூவராக இருந்து, கையுறை அணிந்து, குளோரின் நீரைப் பயன்படுத்தி, அந்த நீர் கிணற்றுக்கோ குளத்துக்கோ போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றே அடக்கமோ தகனமோ செய்வது நல்லது. உடலைக் கையாண்டவர்கள் அன்று சமையலில் சேரக் கூடாது. கருமாதிச் சாப்பாட்டைச் சில நாள் தள்ளிவைக்கச் சொன்னால் உறவினர் வருந்துவர். ஊர்ப் பெரியவர் ஒருவர் எடுத்துச் சொன்னால் ஏற்பர்.

18. காலரா ஊசி போட்டுக்கொள்ளலாமா?

திருவிழாவுக்கு முன்பு போட்ட பழைய ஊசியின் பாதுகாப்பு சில மாதம் மட்டுமே; அது கைவிடப்பட்டது. இன்றுள்ளவை வாய்வழிச் சொட்டாகக் குடிக்கும் மருந்துகள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு தவணை. கொல்கத்தாவில் நடந்த பெரிய ஆய்வில் 5 ஆண்டு அளவில் 65 விழுக்காடு பாதுகாப்புக் கிடைத்தது. இந்தியாவின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. கிடைத்தாலும் குழாய் விரிசலை அது அடைக்காது.

19. நோய் நின்றுவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

கடைசி நோயாளி வீடு திரும்பிய மறுநாளே லாரித் தண்ணீரை நிறுத்திவிடும் அவசரம் எல்லா ஊரிலும் இருக்கிறது. வெளியே நலமாகத் தெரிபவர்களும் பத்து நாள் வரை கிருமியை வெளியேற்றுவார்கள் என்பதால், ஐயத்துக்குரியவர்கள் எல்லோருடைய சோதனையும் தொடர்ந்து 4 வாரம் எதிர்மறையாக வந்த பிறகே முடிந்தது என்று கொள்வது முறை. அந்த 4 வாரமும் கடைசிக் குழாயில் காலையும் மாலையும் குளோரோஸ்கோப்பில் மஞ்சள் நிறம் எழ வேண்டும். பழுதான குழாயை மாற்றி, தெருவுக்கு அழுத்தம் வந்த பின், அந்த இரண்டடிப் பள்ளத்தை மண்ணிட்டு மூடிக் குழாயைத் தரைக்கு மேலே உயர்த்தும் வேலையும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும்.